ஒரு பக்கம் மட்டும் தேய்த்த காசு

என் அப்பாவுக்கு அன்றைக்கே தெரியுமா?

இரண்டு வருஷமாக இந்தக் கேள்வியோடுதான் பால் காய்ச்சுகிறேன், துணி மடிக்கிறேன், பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறேன். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்றால் அது எனக்காக. தெரியாமல் தலையை ஆட்டினார் என்றால் அது என்னால். இரண்டில் எது என்று தெரிந்தால்கூட என் கோபம் ஓர் இடத்தில் உட்கார்ந்துவிடும்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறுகிற வண்டியிலேயே அவர் சர்வீஸில் பெரும்பகுதி போனது. பையில் விழுகிற சில்லறையில் புழக்கத்திலிருந்து போய்க்கொண்டிருக்கிற காசு ஏதாவது கண்ணில் பட்டால், தன் பணத்தைப் பையில் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வார். தாமரைப் பூ போட்ட பித்தளை இருபது பைசா, ஓரம் நெளிந்த பத்து பைசா, ஆறு மூலையுள்ள மூன்று பைசா, பதினோரு பக்கம் உள்ள இரண்டு ரூபாய். எல்லாம் ஓர் ஊறுகாய் பாட்டிலில் இருந்தன. அவற்றோடு சேராமல் சிவப்புத் துணியில் தனியாக ஒன்று. கிரீடம் வைத்த ராணியின் தலை போட்ட வெள்ளி ரூபாய்.

அதைக் கொடுத்தவர் மேலே ஒரு மலைக் கிராமத்துக்காரர். கடுக்காய் மூட்டையோடு ஏறியவரிடம் லக்கேஜ் கேட்டபோது கையில் இருந்தது அதுதான். அப்பா அது வேண்டாம் என்று சொல்லி, தன் பணத்தைப் போட்டு லக்கேஜ் சீட்டைக் கிழித்துக் கொடுத்தாராம். இறங்கும்போது அந்த மனிதர் காசை அப்பாவின் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்த மூன்று வாரம் அப்பா அதைத் திருப்பிக் கொடுக்க அதே வண்டியில் அவரைத் தேடினார். நான்காவது வாரம் ஆள் ஏறியபோது, “உன் கைல இருந்தா பத்திரமா இருக்கும், வச்சிக்க கண்டக்டர்” என்று சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாராம். அதைத் தன் பேரப்பிள்ளைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று எனக்குக் கல்யாணம் ஆகும் முன்பே அப்பா முடிவு செய்து வைத்திருந்தார்.

என் மகளுக்கு ஒரு வயதில் காது குத்தினோம். சீர்த்தட்டுக்கென்று பாட்டிலையும் சிவப்புத் துணியையும் அப்பா முந்தைய வாரமே என்னிடம் கொடுத்திருந்தார். இடையில் ஒரு வெள்ளிக்கிழமை. பூஜைச் சாமான் எல்லாவற்றையும் தேய்த்து வைக்கச் சொன்னார் மாமியார். விளக்கு, தட்டு, மணியோடு, இதுவும் வெள்ளிதானே, தட்டில் வைக்கும்போது பளிச்சென்று இருக்கட்டும் என்று ராணியையும் அடுக்களைக்கு எடுத்துப் போனேன். புளியைக் கரைத்து, தேங்காய் நாரால் ராணியின் முகத்தைத் தேய்த்து, மேலே விபூதி போட்டுத் துடைத்தேன். முகம் வெள்ளைவெளேரென்று வந்தது. மறுபக்கம் திருப்புவதற்குள் பாப்பா கட்டிலிலிருந்து விழுந்த சத்தம். ஓடினேன். நெற்றியில் வீக்கம். அதற்குப் பிறகு மறுபக்கத்தைத் தேய்க்கும் ஞாபகமே வரவில்லை. ஈரத்தைத் துடைத்துத் துணியில் கட்டிவைத்தது மட்டும் நினைவிருக்கிறது.

காசு சேர்க்கிறவர்கள் எதை வேண்டுமானாலும் மன்னிப்பார்கள், தேய்ப்பதை மன்னிக்க மாட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. அந்தக் கறுப்புதான் காசின் வயது. அதைக் கழுவிவிட்டால் திரும்ப வர ஒரு தலைமுறை ஆகலாம் என்பதும் தெரியாது. பி.எஸ்சி. படித்திருக்கிறேன். வெள்ளி ஏன் கறுக்கிறது என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

விசேஷத்தன்று துணியைப் பிரித்துப் பார்த்த அப்பா, “ஒரு பக்கம் மட்டும் ஏம்மா தேச்ச?” என்றார். அவ்வளவுதான். பிறகு, “பரவால்ல, கறுப்புப் பக்கம் மேல இருக்கட்டும்” என்று சொல்லி, பூக்கொடி சுற்றி வருஷம் போட்ட பக்கத்தை மேலே வைத்தார். அந்தக் கொடியில் ஒரு பூவுக்குக் கீழே நகம் பட்டதுபோல் ஒரு வடு. சின்ன வயதில் நான் அதை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

என் நாத்தனாரின் கணவர் காசு சேர்ப்பவர். அவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் சட்டைப் பையில் மடக்குப் பூதக்கண்ணாடி இருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு யாரோ, கண்டக்டர் கொண்டுவந்த காசையெல்லாம் பாருங்களேன் என்று அவரை உட்கார வைத்தார்கள். பந்திப்பாய் மேல் ஒரு துண்டை விரித்து, பாட்டிலைக் கவிழ்த்தார். வலப்பக்கம் கிளாசிக், இடப்பக்கம் மாடர்ன் என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து, பார்க்காமலே இடப்பக்கம் தள்ளினார். ராஜா தலை, ராணி தலை இருந்தால் கிளாசிக். சுதந்திரத்துக்குப் பிறகு வந்ததெல்லாம் மாடர்ன். “மாடர்ன்னா வேற ஒண்ணும் இல்ல, சில்லற” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கன்னம் எரிகிறது.

கடைசியாக வெள்ளி ரூபாயை எடுத்தார். கண்ணாடி வைத்துக் கறுப்புப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். திருப்பினார். ராணியின் முகம் பளிச்சென்று இருந்தது. அவர் முகத்தில் ஏதோ வந்து போனது. அதைச் சலிப்பு என்று அன்றைக்கு நினைத்தேன்.

“டூப்பு,” என்றார். “இன்னா கண்டக்டரே, மேல்மலக்காரன் உங்க தலையிலயே கட்டிட்டான். ஒரு பக்கம் பாலிசு போயி ஈயம் இளிக்குது பாருங்க.” பிறகு சுற்றியிருந்தவர்களைப் பார்த்து, “இவங்க கைல செல்லாத காசு வர்றதும் அடுத்தவன் கைல தள்ளி வுடறதும் சகஜம்தான்” என்றார்.

இந்தமுறை சிரிப்பு ஜாஸ்தி. அப்பா தன் டியூட்டியில் ஒரு கிழிந்த நோட்டைக்கூட யார் கையிலும் தள்ளியதில்லை. அப்படிப்பட்ட அப்பா கைகட்டி நின்று, “நீங்க சொன்னா சரிதாங்க தம்பி” என்றார்.

“புள்ள வாயில போட்டுக்கப் போவுது, நானே தூக்கிப் போட்டுடறேன்” என்று சொல்லி அண்ணா காசைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நான் ஏன் பேசவில்லை? ஈயம் இல்லை, நான் தேய்த்ததால் வந்த வெள்ளை அது என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நிஜமாகவே பாலிசு போய்விட்டதோ, தேய்த்ததால்தான் உள்ளே இருந்த ஈயம் தெரிகிறதோ என்று. கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று மூன்று முறை போய்ப் பார்க்கிறவள் நான். தெரிந்தவர் ஒருவர் உறுதியாகச் சொன்னால், என் கண்ணால் பார்த்ததையே விட்டுவிடுவேன்.

அப்பா அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சளும் பழைய நண்பரின் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். போனில் கூப்பிட்டால், “நான் எடுத்தார்றதுல எது நல்லது, எது டூப்புன்னு எனக்கே தெரியலியேம்மா” என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் பழைய காசுகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

மத்தியானம் பாப்பா பால் குடித்துக்கொண்டே தூங்கும் நேரத்தில், ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு படித்தேன். பழையது புதியது என்று பிரிக்கிற கோடு ஒன்றே இல்லை. சிலருக்குச் சுதந்திரம்தான் கோடு. சிலருக்கு அணா போய் நயா பைசா வந்த வருஷம். இன்னும் சிலர், சுத்தியலால் கையில் அடித்த காசு மட்டுமே பழையது, இயந்திரத்தில் வந்ததெல்லாம் புதியது என்கிறார்கள். அவர்கள் கணக்கில் ராணி தலையும் மாடர்ன்தான். கையில் அடித்த காசு முழு வட்டமாக இருக்காது, படம் ஓரத்துக்கு ஒதுங்கியிருக்கும், பாதி எழுத்து விளிம்புக்கு வெளியே போயிருக்கும். இயந்திரக் காசுக்கு விளிம்பில் சீப்புப் பல் மாதிரி ஒரே சீரான வரிகள் இருக்கும். கடைசியில் எனக்குப் புரிந்தது, அவரவர் பெட்டியில் இருப்பது எந்தப் பக்கம் விழவேண்டுமோ அதற்குத் தோதான இடத்தில்தான் அவரவர் கோட்டைப் போடுகிறார்கள். அண்ணாவின் கோடு எங்கே விழுந்தது, எதற்காக விழுந்தது என்பதும் புரிந்தது.

போலியைக் கண்டுபிடிப்பதும் அதே விளிம்பில்தான். வார்ப்பில் ஊற்றிய காசுக்கு விளிம்பைச் சுற்றி ஒட்டுப்போட்ட தழும்பு இருக்கும். எழுத்து மழுங்கியிருக்கும். எடை குறையும். தரையில் போட்டால் பொத்தென்று விழும். வெள்ளியோ, மணி மாதிரி இழுத்துப் பேசும். அன்றைக்கு அண்ணா விளிம்பைப் பார்க்கவில்லை. எடை போடவில்லை. கீழே போட்டுப் பார்க்கவும் இல்லை. கறுப்புப் பக்கத்தை மட்டும் வெகுநேரம் பார்த்தார்.

இதைப் புரிந்துகொண்ட மத்தியானம் நான் அழவில்லை. அவர் வீட்டுக் காசுப் பெட்டி முழுவதையும் ஓர் அண்டாவில் கொட்டி, புளித்தண்ணீரில் ஊறப்போட்டு, இரண்டு பக்கமும் பளபளவென்று தேய்த்து வரிசையாக அடுக்கி வைப்பதுபோல நினைத்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. அடுத்தடுத்த நாட்களிலும் நினைத்தேன். எந்தப் புளி, எத்தனை உருண்டை என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

சில மாதம் கழித்து அவர் போன் ஸ்டேட்டஸில் ஒரு படம் வந்தது. கண்ணாடி மூடி போட்ட புதுப் பெட்டி. நடுவில் கறுத்த வெள்ளி ரூபாய், பூக்கொடிப் பக்கம் மேலாக. பக்கத்தில் ஒரு சீட்டு: ‘கிளாசிக். தாத்தா வழி வந்தது.’ படத்தைப் பெரிதாக்கினேன். பூவுக்குக் கீழே வடு.

கணவரிடம் காட்டினேன். அவர் நல்லவர். ஆனால் அக்காள் குடும்பம் என்றால் குரல் தாழ்ந்துவிடும். “ஒரே மாதிரி வடு எத்தினியோ காசுல இருக்கும். போயி கேட்டா பெரிய சண்ட ஆயிடும்” என்றார். இரண்டு நாள் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறகுதான் உறைத்தது. வடு பல காசில் இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் புளி போட்டுத் தேய்த்த காசு உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கும். என் அரைகுறை வேலைதான் சாட்சி. திருப்பிக் காட்டினால் போதும்.

அவசரப்படவில்லை. சிரித்த ஆட்கள் எத்தனை பேரோ அத்தனை பேராவது எதிரில் இருக்க வேண்டும் என்று காத்திருந்தேன். அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் முறையாக அண்ணா என்றேன், காப்பி வாங்கிக் குடித்தேன், பெட்டியைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றேன்.

போன வருஷம் டவுனில் அவர் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். பழைய காசையும் புதுக் காசையும் எப்படிப் பிரிப்பது என்று அண்ணா பேசப் போகிறார். குடும்பத்தோடு வரச் சொல்லி நாத்தனார் போன் செய்தார். நான் பாப்பாவுக்குக் காது குத்தின அன்று உடுத்திய அதே புடவையைக் கட்டிக்கொண்டு போனேன்.

அவர் மகள் ஏழாம் வகுப்பு. மைக்கில் தன் அப்பாவை அறிமுகப்படுத்தியது அவள்தான். பேசி முடித்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெரு முழுவதும் சுற்றுகிற பெண்.

அண்ணா நன்றாகத்தான் பேசினார். அந்தப் பாராட்டை அவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். விளிம்பு வரி, எடை, சத்தம் எல்லாம் சொன்னார். நடுவில் ஒரு பையன் எழுந்து, “சார், பத்து ரூவா காசு எந்தக் கடையிலயும் வாங்க மாட்டேங்கறாங்க. அப்ப அது கிளாசிக்கா?” என்றான். கூடம் அதிர்ந்தது. அவரும் சிரித்தார். பிறகு அந்த வெள்ளி ரூபாயை எடுத்து, கறுப்புப் பக்கத்தைக் காட்டி, இந்தக் கறுப்புக்குத்தான் மரியாதை, இதைப் போலியாகப் பண்ண முடியாது என்றார்.

நான் எழுந்தேன். பாப்பா என் தோளில் இருந்தாள். அடுப்பை அணைத்தேனா என்ற யோசனை அந்த நேரத்திலும் வந்தது.

“அண்ணா, மறுபக்கத்தையும் காட்டுங்க. பசங்க ராணிய பாக்கட்டும்.”

அந்தப் பக்கம் தேய்ந்துவிட்டது, ஒன்றும் தெரியாது என்றார். முன்வரிசையில் இருந்த தலைமையாசிரியை, பரவாயில்லை சார் என்று சொல்லி, தானே வாங்கித் திருப்பிப் பார்த்தார். ராணி முகம் ட்யூப் லைட் வெளிச்சத்தில் பளிச்சிட்டது. இது புதுசு மாதிரி இருக்கிறதே என்றார் அவர்.

அண்ணா ஒரு நொடியில் சமாளித்தார். இதையும் பாடமாக்கிவிட்டார். “இதத்தான் சொல்ல வந்தேன் டீச்சர். எவளோ அறிவு கெட்டவ புளி போட்டுத் தேச்சி நாசம் பண்ணி வச்சிருக்கா. ஒரு கிளாசிக்க எப்பிடிக் கெடுக்கறதுன்னு இவ கிட்டதான் கத்துக்கணும்.”

“நான்தாங்கண்ணா அது,” என்றேன். “பாப்பா காதுகுத்துக்குத் தேச்சேன். நீங்க டூப்புன்னு சொல்லி பைல போட்டுக்கினு போனீங்களே, அந்தக் காசு.”

மைக் மட்டும் இரைந்தது. அவர் வாயைத் திறந்தார், அது வேற இது வேற என்று ஏதோ தொடங்கினார். அறிவு கெட்டவள் புளி போட்டுத் தேய்த்தாள் என்று அவரே அத்தனை பேர் எதிரிலும் சொல்லியாகிவிட்டது; இனி அதை ஈயம் என்று மாற்ற முடியாது. காதுகுத்தில் சிரித்தவர்கள் நான்கைந்து பேர் அந்தக் கூடத்திலும் இருந்தார்கள். நான் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். அந்த ஒரு நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று மறைக்க மாட்டேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவ்வளவு நன்றாக நான் மூச்சு விட்டதில்லை.

பிறகுதான் மேடை ஓரத்தில் நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்தேன். கையில் அறிமுகச் சீட்டை மடித்துக்கொண்டே இருந்தாள். இன்னும் மடிக்க முடியாத அளவுக்குச் சின்னதாகிவிட்ட பிறகும் மடித்தாள்.

மறுநாள் நாத்தனார் வந்து காசை எங்கள் வாசல்படியில் வைத்துவிட்டு, உள்ளே வராமலே போனார். அண்ணா வரவில்லை. அந்தப் பெண்ணும் சாயங்காலம் வருவதை நிறுத்திவிட்டாள். பாப்பா ஒரு மாதம் ஆறு மணிக்கு வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள்.

காசை அப்பாவிடம் கொண்டுபோனேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். மெச்சுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் காசை விரல் நுனியில் தூக்கி சிமெண்ட் தரையில் போட்டார். அது இழுத்துப் பாடி அடங்கியது. அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை. எத்தனையோ முறை கேட்ட சத்தத்தைக் கேட்கிறவர் முகம் அது.

“உங்களுக்கு அன்னிக்கே தெரியுமாப்பா?” என்றேன்.

“கடைசி வண்டி எத்தினி மணிக்கு? பாத்துக்கோ, புள்ளய வச்சிக்கினு நிக்காத” என்றார்.

இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. அண்ணாவின் மகள் வயதுக்கு வந்துவிட்டாள். அடுத்த மாதம் மஞ்சள் நீர். தாய்மாமன் என் கணவர். அவர் சீர் இல்லாமல் சடங்கு நடக்காது. தட்டைத் தூக்கி எல்லோருக்கும் முன்னால் நடக்கப் போகிறவள் நான். நாத்தனாரே முறைக்கு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், குங்குமம் வைத்து அழைத்துவிட்டுப் போனார். அந்த வெள்ளி ரூபாயைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். கணவரும் அதையே சொல்கிறார். அப்பாவிடம் கேட்டதற்கு, “புள்ளைக்குன்னு குடுத்தேன். அந்தப் புள்ளயும் புள்ளதான்” என்றார்.

நான் சரி என்று சொல்லிவிட்டேன். கடமைக்கு நான் என்றைக்கும் மறுத்ததில்லை. ஆனால் தட்டில் அந்தக் காசை வைப்பதுபோல் நினைக்கும்போதெல்லாம், அதை வாங்கும்போது அண்ணா முகம் எப்படிப் போகும் என்பதுதான் முதலில் தெரிகிறது. பெண்ணின் முகம் பிறகுதான் வருகிறது. இந்த வரிசை எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அப்பா எதிரில் நின்று, கண்டக்டரே அது டூப்பு இல்லை என்று ஒரே ஒரு வரி சொன்னால் போதும். அதைச் சொல்லும்வரை காசு என் பீரோவிலேயே இருக்கட்டும் என்று காலையில் தோன்றுகிறது. கொடுத்துத் தொலை என்று மத்தியானம் தோன்றுகிறது.

படிக்கிற நீங்கள் சொல்லுங்கள். காசு சேர்க்கிறவர்கள் யாராவது இருந்தால், தேய்த்த பக்கம் மறுபடி கறுக்க வழி உண்டா, இல்லை இப்படியே விட்டுவிடுவதுதான் நல்லதா என்று எழுதுங்கள். பெண்ணைப் பெற்றவர்கள், நாத்தனார் உள்ளவர்கள், இதைச் சொல்லுங்கள்: அந்தக் காசைத் தட்டில் வைக்கலாமா? வைத்தால் எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும்? சடங்குக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.